பிளேன்டீயோடு போட்ட குளிசைகள்

மகனே,

இதைப் படிக்கும்போது உன் கையில் பிளேன்டீ இருந்தால் கீழே வைக்காதே, குடித்துக்கொண்டே படி. வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருடம் தேயிலை வாட்டிய மனிதனின் மகள் நான். தேயிலையைத் திட்டிக் கடிதம் எழுத எனக்கு மனம் வராது. போனில் சொல்லலாம் என்றுதான் மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும், "அம்மா, கடையில ஆளு நிக்கிறாங்க, பொறகு பேசுறேன்" என்றாய். அந்தப் பிறகு வரவே இல்லை. கடுகண்ணாவையில் அத்தனை வாகனமும் ஒரே நேரத்தில் பழுதாகி உன் கடை வாசலில்தான் நிற்கிறதோ என்னவோ. அதனால் அப்பாவின் கொப்பியில் நடுத்தாள்களைப் பிரித்தெடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. கலியாணத்துக்கு முன்னால் அம்மாமார் மகனுக்கு எழுதுவதென்றால், பெண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாமனார் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதுவார்கள். அதையெல்லாம் ஜெனிட்டாவே உனக்குச் சொல்லிக்கொள்வாள், அந்த விஷயத்தில் எனக்கு அவள் மேல் முழு நம்பிக்கை. நான் எழுதப்போவது தலைவலியைப் பற்றி. சிரிக்காதே. உன் தலைவலி, என் தலைவலி, அதற்காக நாம் இரண்டு பேரும் இத்தனை வருடம் விழுங்கிய குளிசை, அதை விழுங்க நான் உனக்கு ஊற்றித் தந்த பிளேன்டீ. இவற்றுக்கிடையில் ஒரு உறவு இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில்தான் அது எனக்குப் புரிந்தது. புரிந்தபோது ஆச்சரியமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஆரம்பித்து வைத்தவள் ஜெனிட்டாதான். அவள் மேல் கோபப்படாதே. போன மாதம் ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் நான் வேலை செய்யும் பாமசிக்குப் போன் எடுத்தாள். "மாமி, கோவிச்சுக்காதீங்க, ஒன்னு கேக்கணும். அவரு போடுற குளிசை என்னா குளிசை?" என்றாள். எந்தக் குளிசை என்று கேட்டேன். "செவப்பு அட்டையில இருக்குறது. பைக் பெட்டிக்குள்ள மூனு அட்டை இருந்திச்சு. கேட்டா, அம்மா தந்ததுங்கிறாரு. டெய்லி போடுறாரு மாமி. போடலன்னா அன்னைக்கு மூஞ்சியப் பாக்க ஏலாது." அது சும்மா தலைவலிக் குளிசைதான், பயப்படாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு சோற்றுப் பார்சலைப் பிரிக்க மனம் வரவில்லை. டெய்லி என்று அவள் சொன்னதும் அம்மா தந்தது என்று நீ சொன்னதும் மாறி மாறிக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன.

உனக்குத் தெரியும், நான் மருந்து படித்தவள் இல்லை. இருபத்தாறு வருடமாகக் கண்டி டவுனில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன், அவ்வளவுதான். டொக்டர் எழுதிய துண்டை வாங்கி, தட்டிலிருந்து பெட்டியை எடுத்து, உள்ளே இருக்கும் பார்மசிஸ்டிடம் காட்டி, கவருக்குள் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆனால் அம்பிட்டியவில் நம் ஒழுங்கையில் எனக்கு டொக்டர் மரியாதை. யாருக்கு எங்கே நொந்தாலும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். பரசிட்டமோல் கேட்டு வருகிறவர்களில் சில பேர் சாதாரண அட்டையைத் தள்ளிவிட்டு, "அந்தச் செவப்பு அட்டையக் குடுங்க, அதுதான் கேக்கும்" என்பார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பெட்டியைத் திருப்பி வாசித்தேன். மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். சிவப்பில் கூடுதலாக ஒரு பெயர் இருந்தது: கஃபீன். முதலாளியிடம் கேட்டேன். "அது ஒன்னுமில்ல, தேயிலையில கோப்பியில இருக்குற சாமான்தான்" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தோட்டத்தில் என் அம்மா, கொழுந்து எடுத்துவிட்டு வந்து தலை நொந்தால் தண்ணீரில் குளிசை போட்டதே இல்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, கடுஞ்சாயத்தோடு விழுங்கிவிட்டு, "தேத்தண்ணியோட போட்டாத்தான் சட்டுனு கேக்கும்" என்பார். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அப்படித்தான். எனக்கு அது படிக்காதவர்களின் பழக்கம் என்று ஒரு இளக்காரம் இருந்தது. பெட்டியை வாசித்த பிறகு பார்த்தால், மருந்துக் கொம்பனி பெரிய எழுத்தில் அச்சடித்து விற்பதை எங்கள் லயத்துப் பெண்கள் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. குளிசை என்றால் பிளேன்டீ. தண்ணீரில் போடப் பார்த்தால் நான் கையைப் பிடித்துவிடுவேன்.

நீ ஏ.எல் படிக்கும்போதுதான் உனக்குத் தலைவலி தொடங்கியது. விடியற்காலையில் எழுந்து படித்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்கும் போய், பொழுது சாயும்போது இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவாய். நான் இரண்டு சிவப்புக் குளிசையும் ஒரு பெரிய கோப்பை பிளேன்டீயும் தருவேன். அரை மணித்தியாலத்தில் முகம் தெளிந்து, "அம்மா, சூப்பர்" என்பாய். எனக்குத் தலைகால் புரியாது. பரீட்சைக்குப் பிறகும் நிற்கவில்லை. மாதத்துக்கு இரண்டு தரம் வந்தது கிழமைக்கு இரண்டு தரம் வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பிந்தி எழும்புவாய், எழும்பும்போதே வலியோடு எழும்புவாய். ஓய்வு எடுக்கிற நாளில் ஏன் கூடுதலாக வலிக்கிறது என்று யோசித்திருக்க வேண்டியவள் நான். கைபேசியைத்தான் குறை சொன்னேன். நீ கடுகண்ணாவைக்கு வேலைக்குப் போனபோது உன் பைக்குள் சட்டைகளுக்கு நடுவில் பத்து அட்டை வைத்து அனுப்பினேன். அது முடிய முடியப் புதிது கொடுத்து அனுப்பினேன். வேறு அம்மாமார் ஊறுகாய் கொடுத்தனுப்புவார்கள்.

எனக்கும் தலைவலி இருந்தது, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே. காலையில் எழும்போது பின்மண்டையில் ஒரு கனம். டீ குடித்தால் பாதி போகும், குளிசை போட்டால் மீதி போகும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெனிட்டா போன் எடுத்ததற்கு மறுநாள், நம் பாமசிக்குப் புதிதாக வந்திருக்கும் பார்மசிஸ்ட் மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன்னை விட இளையவள், பேராதனையில் படித்துவிட்டு இங்கேயே வேலை எடுத்திருக்கிறாள். யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. "மிஸ், தலைவலிக் குளிசைய டீயோட போட்டா நல்லா வேலை செய்யும்தானே?" என்று, எனக்குத் தெரிந்த விடையையே அவள் வாயால் கேட்கப் பார்த்தேன்.

"ஓம் அன்ரி, அது உண்மைதான்" என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "கஃபீன் தனிய வலியை மாத்தாது. ஆனால் பரசிட்டமோல், அஸ்பிரின், இபுபுரோஃபன் மாதிரி மருந்துகளோட சேர்ந்தால் அதுகளுக்கு ஒரு கை குடுக்கும். தலையிடி எண்டில்லை, பல்லு நோவுக்கும் கூட. சோதிச்சுப் பாத்து எழுதியிருக்கினம். ஆனால் வித்தியாசம் பெரிசில்லை அன்ரி. கன பேருக்குச் சும்மா பரசிட்டமோலே போதும். சில பேருக்குத்தான் கஃபீன் சேர்த்தால் கூடச் சுகம் வரும். அதுக்கும் ஒரு அளவு கஃபீன் வேணும், ஒரு கோப்பைத் தேத்தண்ணி காணாது."

"ரெண்டு செவப்புக் குளிசையில எவ்வளவு இருக்கு மிஸ்?"

"கிட்டத்தட்ட மூண்டு கோப்பைத் தேத்தண்ணிக்குச் சமன்."

அப்படியென்றால் உனக்கு நான் தந்தது, குளிசைக்குள் மூன்று கோப்பை, அதற்கு மேல் கடுஞ்சாயமாக ஒரு பெரிய கோப்பை. அதைச் சொல்லாமல், ஏன் அப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, எதையாவது ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. அன்றைக்குக் கவுண்டரில் கூட்டமும் இல்லை. மிஸ்ஸும் சளைக்காமல் சொன்னாள்.

"மூளைக்குள்ள ஒரு சாமான் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கும் அன்ரி. உனக்குக் களைப்பு, நித்திரை கொள்ளு எண்டு சொல்லுறது அதுதான். தலைக்குள்ள இரத்தக்குழாயை விரிக்கிறதும் அது. அது வந்து குந்தி இருக்கிறதுக்கெண்டு மூளையில கதிரையள் இருக்கு. கஃபீன் என்ன செய்யுமெண்டால், முந்தி வந்து அந்தக் கதிரையில தான் இருந்திடும். அதுக்கு இடமில்லை. களைப்புத் தெரியாது, விரிஞ்ச குழாய் சுருங்கும், வலி குறையும். வயித்தில இருந்து மருந்து கெதியாப் போகவும் உதவும் எண்டு சொல்லுகினம்."

"நல்லதுதானே மிஸ்?"

"எப்பவாவது எண்டால் நல்லதுதான். நெடுகக் கஃபீன் வந்தால் மூளை சும்மா இராது. இன்னும் கொஞ்சக் கதிரை கொண்டு வந்து போடும். பிறகு ஒரு நாளைக்குக் கஃபீன் பிந்தினால், அவ்வளவு கதிரையிலயும் மற்றது வந்து இருந்திடும். அண்டைக்குத் தலை வெடிக்கும். தேத்தண்ணி குடிச்ச உடன சரியாகும். தேத்தண்ணி மருந்தெண்டு நாங்கள் நினைப்பம்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மகனே. மிஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எனக்கு ஞாபகம் வந்தது பெரிய வெள்ளிக்கிழமை. பெரிய வியாழன் பூசை முடிந்து வந்தால், சனிக்கிழமை உயிர்ப்புப் பூசை முடியும் வரை நம் வீட்டில் தேயிலை டின்னைத் தொடக்கூடாது. அது நான் வைத்த நேர்த்தி. வெள்ளிக்கிழமை பகல் சிலுவைப்பாதை தொடங்கும்போது எனக்குக் கண்ணைத் திறக்க முடியாது. நீ எட்டாவது இடத்தில் என் தோளில் சாய்ந்துவிடுவாய். நாம் இரண்டு பேரும் அந்த வலியை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுத்தோம். வயிற்றுப்புண் என்று இளவயதிலேயே டீயை விட்டுவிட்ட உன் அப்பா மட்டும், கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கிற மனிதர், பதினான்கு இடத்திலும் முழங்காலில் நின்று எழும்பி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்து வருவார். "ஒங்களுக்கு பக்தி பத்தாது, அதான் ஒரு வலியும் இல்ல" என்று எத்தனை வருடம் அவரைக் குத்திக்காட்டியிருக்கிறேன். அவரும், "பக்தி உள்ளவங்களுக்கு ஆண்டவரு மண்டவலியா குடுப்பாரு?" என்று கேட்பார். பக்தி ஒன்றும் இல்லை. இருபது மணித்தியாலமாக நம் இரண்டு பேர் தலைக்குள்ளும் கதிரைகள் நிறைந்து போயிருந்தன, அவ்வளவுதான். அந்த வருடங்களின் ஒப்புக்கொடுத்தலை ஆண்டவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. அறியாமல் கொடுத்ததென்று ஏற்றுக்கொண்டிருப்பார்.

சிரித்து முடித்தபோது மிஸ் கேட்டாள். "அன்ரி, ஆருக்கு? உங்களுக்கோ? மாதத்தில எத்தினை நாள் போடுறியள்?" எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். "மகனோ?" என்றாள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "கலப்புக் குளிசையை மாதத்தில பத்து நாளுக்கு மேல, மாதக்கணக்காப் போட்டால் அந்தக் குளிசையே தலையிடி தரத் தொடங்கும் அன்ரி. மருந்து இறங்க இறங்க வலி வரும். வலி வந்தால் திரும்பவும் போடுவினம். இது நிக்காது. டொக்டரிட்டக் காட்டிப்போட்டு நிப்பாட்ட வேணும்."

இருபத்தாறு வருடம் நான் கையில் எடுத்த பெட்டி அது. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இதுவும் எழுதியிருக்கிறது. கஃபீன் என்ற பெயரைக் கண்டுபிடித்த அதே கண்ணால் அதற்குக் கீழே நான் வாசிக்கவில்லை. எனக்கு வேண்டியதை வாசித்ததும் பெட்டியை மூடிவிட்டேன்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் எனக்கே செய்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆஸ்பத்திரி ஓ.பி.டியில் காட்டினேன். சிங்கள டொக்டர் நோனா, நல்ல மனுஷி. பிரஷர் பார்த்து, கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்து, எல்லாம் கேட்டுவிட்டு, "பெஹெத் நவத்தன்ன ஓனே" என்றார். மருந்தை நிறுத்த வேண்டும் என்று. குளிசையை ஒரேயடியாக விடச் சொன்னார், டீயை ஒரு கிழமைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நாளைக்கு இரண்டு கோப்பையில் நிறுத்தச் சொன்னார். கூட வலிக்கும், ஒரு கிழமைக்கு மேலும் போகலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நான் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு வலி என்று பென்சிலால் குறித்தேன். நீ வந்தால் பார்க்கலாம், நல்ல வேடிக்கையாக இருக்கும்.

முதல் நாள் பெரிதாக ஒன்றும் இல்லை, இவ்வளவுதானா என்று பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாம் நாள் பகல் அந்தச் சிலுவைப்பாதை வலி வந்துவிட்டது. மூன்றாம் நாள் வாந்தி. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை நொந்தது. யாரோ பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளித்த வாசம் என்னை அழ வைத்தது. ஆனால் வலியை விட நான் எதிர்பார்க்காதது கோபம். பருப்பில் உப்புப் போடாதது நான், கத்தியது அப்பாவைப் பார்த்து. நான்காம் நாள், அவர் மூச்சு விடுகிற சத்தம் பெரிதாக இருக்கிறது என்று சண்டை பிடித்தேன். பாவம், அந்த மனிதர் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கூடப் பார்த்தார். பாமசியில் ஒரு வயதானவர் துண்டைத் தலைகீழாக நீட்டினார் என்று முகத்தில் அடித்த மாதிரிப் பேசிவிட்டேன். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஏழாம் நாள் கொஞ்சம் இறங்கியது. ஒன்பதாம் நாள் கூடியது. பதினோராம் நாள் காலையில் எழும்பி, பின்மண்டையில் அந்தக் கனத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. முகம் கழுவினேன், வரவில்லை. அரிசி களைந்தேன், வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கும் பக்தி இருந்திருக்கு" என்றார். இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். இடையில் ஒரே ஒரு நாள் மழையில் நனைந்து தலை நொந்தது, அது வேறு மாதிரி வலி, படுத்து எழும்பப் போய்விட்டது. தலை வலிக்காமல் ஒரு காலை எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது மகனே. வாவிப் பக்கத்தில் பஸ்ஸில் வரும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், வெளிச்சம் கண்ணில் குத்தவில்லை.

உன் தலைவலியும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படி அடித்துச் சொன்ன ஆள்தான் உன்னை இந்த இடத்துக்குக் கொண்டு வந்தவள். முதலில் டொக்டரிடம் காட்டு. எத்தனை நாள், எத்தனை குளிசை என்று ஒளிக்காமல் சொல்லு. சளி தடிமலுக்கென்று கரைத்துக் குடிக்கும் பக்கெட்டிலும் இதே பரசிட்டமோல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்கு ஆகாது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள். டீயை விடச் சொல்லவில்லை. என்றைக்காவது உண்மையாகவே பல் நொந்தாலோ மண்டை இடித்தாலோ, சாதாரணக் குளிசையை ஒரு நல்ல டீயோடு போட்டுப் பார், என் அம்மா சொன்னது அந்த ஒரு நாளைக்குச் சரி. எங்கள் லயத்துப் பெண்களுக்கு எப்போதாவது ஒரு குளிசைதான் கையில் கிடைத்தது. உனக்கு ஒரு பாமசியே வீட்டுக்குள் இருந்தது. அவர்களுக்குச் சரியாக இருந்ததை நான் உனக்கு அட்டைக்கணக்கில் கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். இதற்காகத்தான் போனில் மூன்று தரம் எடுத்தேன், எடுத்தபோது நீ வேலையாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

நீ ஏ.எல் முடித்த வருடம், கோயில் பேண்டில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தாய். திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தில் நீ ஊதும்போது சனம் திரும்பிப் பார்க்கும். பேண்ட் மாஸ்டர் உன்னைக் கொழும்பில் ஒரு பெரிய மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொன்னார். அப்போதுதான் உன் தலைவலி கூடியது. ஒரு நாள் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாய்: "அம்மா, எனக்கு என்னமோ இந்தக் குளிசையேதான் வலியக் கொண்டாருதுன்னு தோணுது. போன கெழமை நாலு நாளு போடாம இருந்து பாத்தேன். மொதல்ல தாங்க முடியல. நாலாவது நாளு லேசாயிருச்சு." நீ சொன்னது அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "பதினாறு வருஷமா கவுண்டர்ல நிக்கிறவளுக்கு நீ மருந்து சொல்லித் தர்றியா? ஊதி ஊதித்தான் மண்ட இடிக்குது. அதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, எல்லாம் சரியாப் போகும்."

அடுத்த ஞாயிறு அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாய். கொடுக்காமல் திரும்பி வந்துவிடுவாயோ என்று நான் பின்னாலேயே வந்து பேண்ட் மாஸ்டர் வீட்டுப் படியில் நின்றேன். அவர், "ஏன் தம்பி?" என்று கேட்டது காதில் விழுந்தது. நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. அம்பிட்டிய ஏற்றத்தில் திரும்பி வரும்போது நெற்றியைப் பிடித்தாய். வீட்டுக்கு வந்ததும் நான் இரண்டு குளிசையும் பிளேன்டீயும் தந்தேன்.

உனக்குப் பத்தொன்பது வயது. எந்தப் புத்தகமும் இல்லாமல், உன் உடம்பையே கவனித்து, நான்கு நாள் வலி தாங்கி, நீயாகவே கண்டுபிடித்தாய். யாழ்ப்பாணத்து மிஸ் படித்துச் சொன்னதும் டொக்டர் நோனா சொன்னதும் அதுதான். நீ சரி, நான் பிழை. என் கவுண்டர் மரியாதை போய்விடும் என்று என் பிள்ளையின் வாயை மூடினேன், கையில் இருந்ததையும் பிடுங்கினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் வந்து சொன்னதில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்வாய். நல்ல பிள்ளையாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ட்ரம்பெட்டை நான் திருப்பித் தர முடியாது. பத்து வருடம் கழித்து அதைத் தேடி எடுத்து உன் கையில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஊதுவதும் விடுவதும் உன் இஷ்டம். நான் கேட்பது வேறு.

கலியாணத்துக்கு முன்னால் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. குளிசையை இங்கே வைத்து நிறுத்து. வத்தேகமவில் நீங்கள் இரண்டு பேரும் குடிபோகப்போகும் புது வீட்டில், கலியாணமாகி ஒரு கிழமையில், அந்தப் பிள்ளை முன்னால் இதைத் தொடங்காதே. இரண்டாம் நாளிலிருந்து நீ நீயாக இருக்க மாட்டாய், நான் இருந்து பார்த்துவிட்டேன். அவள் சமைத்ததைத் தள்ளுவாய், அவள் பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்பாய். பிறகு வலி போய்விடும், நீ சொன்ன சொல் போகாது. புதுப்பெண்டாட்டியிடம் சொன்னது ஒருநாளும் போகாது. அதனால் கத்துவதென்றால் இங்கே வந்து கத்து. தட்டைத் தள்ளு, கதவை அடி. மூன்றாம் நாள் வலியில், எல்லாம் உன்னாலதான் அம்மா என்று சொல்லு. பத்து வருடமாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாய். நான் மறுத்துப் பேச மாட்டேன், குளிசையும் தர மாட்டேன், பக்கத்தில் இருப்பேன். அதில் ஒரு சொல்லும் ஜெனிட்டாவுக்குச் சேர வேண்டியதில்லை. வருகிற திங்கட்கிழமையிலிருந்து நான் பாமசிக்கு இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா